கூரைக்குள் ஓர் அறை: லண்டன் வீடுகளின் லாஃப்ட் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்து விக்டோரியா காலத்து டெரஸ் வீடானாலும் சரி, ஹரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட் பக்கத்து 1930களின் செமி வீடானாலும் சரி, பிள்ளைகள் வளர வளர இடம் போதாமல் போகிறது. பெரிய வீட்டுக்கு மாறலாம் என்றால் முத்திரை வரி, வழக்கறிஞர் செலவு, கூடிய கடன் என்று கணக்கு நீள்கிறது. அதனால் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே சும்மா கிடக்கும் லாஃப்ட் மீது எல்லோர் பார்வையும் விழுகிறது.

அதை அறையாக்குவது நல்ல யோசனைதான். ஆனால் "எவ்வளவு பெரிய அறை வரும்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அங்கே உறங்குகிறவர் நள்ளிரவில் தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவார் என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு, இங்கிலாந்தில் நடப்பிலுள்ள விதிகளின்படி விளக்கங்கள் இதோ.

லாஃப்டில் நிமிர்ந்து நிற்க முடிகிறது. அது போதுமா?

போதாது. சீலிங் மரங்களின் மேல்விளிம்பிலிருந்து முகட்டு மரத்தின் அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். 2.2 மீட்டராவது இருந்தால் வேலை ஓடும் என்பது தொழில்காரர்களின் கணக்கு. புதுத் தளத்துக்குப் போடும் மரங்கள் பழைய மரங்களைவிட உயரமானவை. அவற்றின்மேல் பலகை வரும். கைமரங்களுக்கு அடியில் வெப்பக்காப்பும் பிளாஸ்டர்போர்டும் வரும். எல்லாம் சேர்ந்து 20, 30 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும்.

அறையின் உயரம் இவ்வளவு இருந்தே தீர வேண்டும் என்று கட்டட விதி சொல்வதில்லை. படிக்கட்டின் தலையுயரத்துக்குத்தான் அளவு சொல்கிறது. உயரம் குறைவான வீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு: கூரையை உயர்த்துவது, அல்லது மேல்மாடி சீலிங்கை இறக்குவது. முன்னதற்குப் பிளானிங் அனுமதி கட்டாயம். பின்னதற்குச் செலவு கூடும். வேலை நடக்கும் காலத்தில் மேல்மாடியில் குடியிருக்கவும் முடியாது.

ரூஃப்லைட், டோர்மர், ஹிப் டு கேபிள், மன்சார்ட் என்கிறார்களே, எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

கூரையின் உருவத்தைத் தொடாமல், சரிவில் ஜன்னல் மட்டும் பதிப்பது ரூஃப்லைட் வகை. செலவு குறைவு. ஆனால் முகட்டுக்கு நேர்கீழே மட்டும்தான் தலை இடிக்காமல் நடக்கலாம். பின்பக்கச் சரிவை வெட்டி, நேர்ச்சுவரும் தட்டைக் கூரையும் எழுப்புவது டோர்மர். டெரஸ் வீடுகளில் இதுவே அதிகம்.

1930களின் செமி வீடுகளுக்குப் பக்கவாட்டிலும் கூரை சரிந்திருக்கும். அந்தச் சரிவை நீக்கிப் பக்கச்சுவரை முகடு வரை உயர்த்துவது ஹிப் டு கேபிள். அதோடு பின் டோர்மரும் சேர்ந்தால் படிக்கட்டுக்கும் குளியலறைக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும். மன்சார்ட் என்பது கிட்டத்தட்ட செங்குத்தான சரிவோடு கூரையையே புதிதாகக் கட்டுவது. அதற்கு வழக்கமாகப் பிளானிங் அனுமதி தேவைப்படும்.

பிளானிங் அனுமதி இல்லாமலே கட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பல வீடுகளுக்கு உண்மை. 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்ற உரிமை அதற்கு இடம் தருகிறது. ஆனால் வரம்புகள் உண்டு. டெரஸ் வீட்டுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50 கன மீட்டர் வரைதான் கூரையின் கொள்ளளவைக் கூட்டலாம். முன்பு வீட்டுக்காரர் யாராவது கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

தெருவைப் பார்க்கும் முன்சரிவில் டோர்மர் வைக்க முடியாது. இருக்கும் கூரையின் உச்சியை எதுவும் தாண்டக் கூடாது. பால்கனிக்கு இடமில்லை. பக்கச்சுவர் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட வேண்டும். அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே அது திறக்கக் கூடாது. டோர்மர் கூரையின் அடிவிளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஹிப் டு கேபிளுக்கு மட்டும் இதில் விலக்கு. வெளித்தோற்றப் பொருள்கள் பழைய வீட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. 5 மீட்டர் அகல டெரஸ் வீட்டில் டோர்மர் 3.8 மீட்டர் ஆழமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்டதென்றால், சரிவுக்கு மேலே புதிதாகச் சேர்வது ஒரு முக்கோண வெளிதான். மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 22.8 கன மீட்டர். வரம்புக்குள் வந்துவிடுகிறது.

கன்சர்வேஷன் ஏரியாவில் இப்படிக் கூரையைப் பெருக்கும் உரிமை கிடையாது. 'ஆர்ட்டிக்கிள் 4' ஆணை உள்ள தெருக்களிலும் அது பறிக்கப்பட்டிருக்கலாம். எனவே உரிமை இருக்கிறது என்று தெரிந்தாலும், கவுன்சிலிடம் 'லாஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்' வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார்.

பிளானிங் தேவையில்லை என்றால் வேறு யாரிடமும் போக வேண்டாம்தானே?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிளானிங் என்பது வீட்டின் வெளித்தோற்றத்தையும் அக்கம்பக்கத்தையும் பற்றியது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது கட்டடத்தின் பலம், தீப் பாதுகாப்பு, படிக்கட்டு, வெப்பக்காப்பு பற்றியது. முதலாவதிலிருந்து விலக்குக் கிடைத்தாலும் இரண்டாவதிலிருந்து கிடைக்காது. லாஃப்டை அறையாக்கும் எந்த வேலைக்கும் பில்டிங் கன்ட்ரோல் ஒப்புதல் கட்டாயம். அதைக் கவுன்சிலிடமும் பெறலாம், பதிவுபெற்ற தனியார் பில்டிங் கன்ட்ரோல் நிறுவனத்திடமும் பெறலாம்.

வரைபடங்களை முன்கூட்டியே கொடுத்துச் சரிபார்க்கும் 'ஃபுல் பிளான்ஸ்' முறையையே தேர்ந்தெடுங்கள். 'பில்டிங் நோட்டீஸ்' முறையில் தவறுகள் வேலை நடக்கும்போதுதான் வெளிப்படும். போட்ட படியைப் பிரித்தெடுப்பதைவிடக் காகிதத்தில் திருத்துவது மலிவு.

வரைபடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

படிக்கட்டிலிருந்து. அது சரியாக அமைந்தால் மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும்.

விதிப்படி படியின் சாய்வு 42 பாகையைத் தாண்டக் கூடாது. ஒரு படியின் ஏற்றம் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் மிதி 22 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டையும் எல்லையில் வைத்தால் சாய்வு 45 பாகையாகிவிடும் என்பதால், ஒன்றையாவது தளர்த்தியே ஆக வேண்டும். தளத்துக்குத் தளம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஏற்றங்கள் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 20.8 சென்டிமீட்டர். சாய்வு வரம்புக்குள் நிற்க மிதி சுமார் 23 சென்டிமீட்டர் வேண்டும். ஆக, நேர்ப்படிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் நீளம் தேவை. மேலும் கீழும் நின்று திரும்புவதற்கான இடம் தனி. வளைவுப்படிகள் இந்த நீளத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

படியின் மேல் தலையுயரம் 2 மீட்டர் இருக்க வேண்டும். லாஃப்டில் அதற்கு இடமில்லாவிட்டால், படியின் நடுவில் 1.9 மீட்டரும் ஓரத்தில் 1.8 மீட்டரும் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே படியின் மேல்முனை முகட்டுக்குக் கீழேயோ டோர்மருக்குள்ளேயோதான் போய் முடிய வேண்டும். இருக்கும் படிக்கு நேர்மேலே புதுப் படியை அமைப்பதே பெரும்பாலும் சிறந்தது. அப்போது கீழ்மாடி அறை எதுவும் குறைபடாது; மேலிருந்து வாசல்வரை ஒரே வழியாக இறங்கவும் முடியும். சின்ன அறையின் ஒரு பகுதியைப் படிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த அறையில் பிறகு கட்டில் போட முடியுமா என்று அளந்து பாருங்கள். ஓர் அறையைக் கெடுத்து இன்னோர் அறையைக் கட்டுவதில் லாபமில்லை.

இடது கால், வலது கால் என்று மாறி மாறி வைத்து ஏறும் குறுகிய படி உண்டு. அது மேலே ஒரே ஓர் அறையும் அதன் குளியலறையும் மட்டும் உள்ள இடத்துக்கு, வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கப்படுவது. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

தீப்பிடித்தால் கூரை ஜன்னல் வழியாகத் தப்பலாமே?

தரைத்தளம் மட்டுமே உள்ள பங்களாவின் லாஃப்டுக்கு அது பொருந்தலாம். கீழும் மேலுமாக ஏற்கெனவே இரண்டு தளங்கள் உள்ள வீட்டில் லாஃப்ட் மூன்றாவது தளம். தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேலிருக்கும் தளத்துக்கு ஜன்னலைத் தப்பும் வழியாக விதி கணக்கில் எடுப்பதில்லை. அங்கிருந்து குதிக்க முடியாது. ஏணி வரும்வரை காத்திருக்கப் புகை விடாது. இறங்கும் வழி படி ஒன்றுதான். அதனால் லாஃப்டிலிருந்து வாசற்கதவு வரை முழுப் படிவழியும் 30 நிமிடம் தீயைத் தடுக்கும் சுவர்களால் மூடப்பட்டிருக்க வேண்டும். அந்த வழியில் திறக்கும் அறைக் கதவுகள் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும். விதி கேட்பது 20 நிமிடக் கதவு. நடைமுறையில் 30 நிமிடக் கதவையே போடுகிறார்கள். மேலே ஓர் அறை கட்டப் போய்க் கீழே எல்லாக் கதவுகளையும் மாற்றச் சொல்கிறார்களே என்று மனம் சலிக்கலாம். படிவழிக்குள் புகை வராமல் அந்தச் சில நிமிடங்கள் நிறுத்திவைப்பவை அந்தக் கதவுகள்தான்.

முன்னறையையும் சமையலறையையும் இணைத்துச் சுவரை எடுத்துவிட்ட வீடுகளில் படி நேராக அந்தத் திறந்த அறைக்குள் இறங்கும். அப்படியானால் சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும், அல்லது தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் அமைப்போடு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். இதை வரைபடக் கட்டத்திலேயே பில்டிங் கன்ட்ரோலிடம் பேசி முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு தளத்து நடைவழியிலும் மின் இணைப்புள்ள, ஒன்றோடொன்று தொடுத்த புகை அலாரம் கட்டாயம். கீழே ஒன்று அடித்தால் மேலேயும் அடிக்க வேண்டும். சாம்பிராணி போடும்போது அலாரம் கத்துகிறது என்று கழற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சாமியறையைப் படிவழியிலிருந்து தள்ளி, கதவு மூடக்கூடிய இடத்தில் அமையுங்கள். அலாரத்தைக் கழற்றாதீர்கள்.

இத்தனை வருடம் பெட்டிகள் வைத்திருக்கிறோம். பலகை போட்டால் அறையாகிவிடாதா?

ஆகாது. சீலிங் மரங்கள் கீழுள்ள சீலிங்கையும் கொஞ்சம் சாமானையும் தாங்கத்தான் போடப்பட்டவை. அவற்றுக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. மனிதர் வாழும் தளத்துக்குக் கணக்கிடுவது சுமார் 150 கிலோ, ஆறு மடங்கு. அதனால் பழைய மரங்களின்மேல் பாரம் ஏற்றாமல், இரு பக்கச் சுவர்களுக்கு இடையே ஸ்டீல் பீம் போட்டு, அதில் புதுத் தளமரங்களைத் தாங்கவைப்பார்கள்.

1960களுக்குப் பின் கட்டிய பல வீடுகளில், தொழிற்சாலையில் செய்த மெல்லிய மரச்சட்டங்களே கூரையைத் தாங்குகின்றன. குறுக்கே போகும் ஒரு கட்டையை அறுத்தாலும் சட்டம் முழுவதும் பலமிழக்கும். அத்தகைய கூரையிலும் அறை கட்டலாம். ஆனால் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரின் கணக்கு கைக்கு வருமுன் வாளை எடுக்கவே கூடாது.

2000க்கு முன் கட்டிய வீடு என்றால் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். வௌவால் தங்கும் தடயம் கண்டால் வேலையை நிறுத்துங்கள். அவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது.

பக்கத்து வீட்டாரிடம் வாயால் சொன்னால் போதாதா?

சொல்லுங்கள், அது முறை. ஆனால் எழுத்தில் நோட்டீஸும் கொடுக்க வேண்டும். பொதுச்சுவரில் பீம் பதிக்கவோ அந்தச் சுவரை உயர்த்தவோ போகிறீர்கள் என்றால், 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் சட்டப்படி வேலைக்கு 2 மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அவர் 14 நாள்களுக்குள் எழுத்தில் சம்மதிக்காவிட்டால், மௌனமாக இருந்தாலும் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர் நியமித்துத் தீர்க்க வேண்டும். அந்தச் செலவு வழக்கமாகக் கட்டுகிறவர் தலையில்தான் விழும். தேநீரோடு வரைபடத்தைக் காட்டிப் பேசிவிட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்தால், பல வீடுகளில் சம்மதம் அன்றே கிடைத்துவிடும்.

மேல்தளத்து ஃபிளாட் எங்களுடையது. லாஃப்டும் எங்களுடையதுதானே?

லீஸைப் படித்துப் பாருங்கள். கூரையும் அதன் உள்வெளியும் பெரும்பாலும் நிலவுரிமையாளரிடமே இருக்கும். உங்கள் ஃபிளாட்டிலிருந்து மட்டுமே ஏற முடிகிறது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. அதை விலைக்கு வாங்கவோ எழுத்தில் அனுமதி பெறவோ வேண்டியிருக்கும். ஃபிளாட்களுக்குப் பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமை கிடையாது என்பதால் பிளானிங் அனுமதியும் தேவை.

லாஃப்ட் அறை கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும் என்கிறார்களே?

மோசமாகக் கட்டினால் அப்படித்தான். புதிதாகக் கட்டும் கூரைப் பகுதியின் யூ மதிப்பு, அதாவது வெப்பம் கசியும் அளவு, 0.15ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. கைமரங்களுக்கு இடையிலும் அடியிலும் வெப்பக்காப்புப் பலகை இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஓட்டுக்கடியில் பழைய தார் விரிப்பு இருந்தால், அதற்கும் வெப்பக்காப்புக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும்.

குளிரை மட்டும் நினைத்துக் கட்டும் காலம் போய்விட்டது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. கூரைக்கடியில் உறங்குபவருக்கு அத்தகைய நாளின் இரவு கொடுமையானது. முன்னும் பின்னும் திறக்கும் ஜன்னல்கள் வைத்துக் காற்று ஊடறுத்துப் போக வழி செய்யுங்கள். தெற்கையும் மேற்கையும் பார்க்கும் கூரை ஜன்னலுக்கு வெளிப்புறத் திரை போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே போடும் திரை, ஏற்கெனவே நுழைந்த வெப்பத்தைத் தடுக்காது.

மேலே குளியலறை வைக்கலாமா?

வைக்கலாம். கீழ்மாடிக் குளியலறைக்கு நேர்மேலே வைத்தால் கழிவுக்குழாய் நேராக இறங்கும். லாஃப்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதை எடுக்க வேண்டிவரும். அதோடு பாய்லர் முறையும் மாறலாம். தெருக்குழாயின் அழுத்தம் மேல்தள ஷவருக்குப் போதுமா என்று முதலிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஷவரை உயரமான பக்கத்திலும் அலமாரிகளைத் தாழ்ந்த ஓரத்திலும் வரையுங்கள்.

ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பாவுக்கு அந்த அறையைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு மாடிப்படி ஏறி இறங்குவது முழங்கால் வலியோடு இருப்பவர்களுக்குச் சிரமம். இரவில் அவசரமாக இறங்குவது ஆபத்து. புது அறையைப் பெரிய பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ வைத்துக்கொண்டு, கீழே காலியாகும் அறையைப் பெற்றோருக்குக் கொடுங்கள். லாஃப்ட் கட்டியதன் பயன் அவர்களுக்கும் அப்படியே போய்ச் சேரும்.

வாடகைக்கு விடலாமா?

வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் எச்.எம்.ஓ. உரிமம் கட்டாயம். லண்டனின் பல கவுன்சில்கள் அதற்குக் குறைவானவர்களுக்கும் உரிமம் கேட்கின்றன. உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கும், இருவர் உறங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. உயரம் 1.5 மீட்டருக்குக் குறைந்த பகுதி இந்த அளவில் சேராது. சரிவான கூரையின் கீழ் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அறை, அளந்தால் சிறியதாகிவிடும்.

முன்பே அனுமதியின்றிக் கட்டிவிட்டோம். நான்கு வருடம் கடந்தால் கவலையில்லை என்கிறார்களே?

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். பிளானிங் மீறலுக்கு முன்பு 4 ஆண்டு வரம்பு இருந்தது உண்மை. 2024 ஏப்ரல் 25 முதல் முடிந்த வேலைகளுக்கு அது 10 ஆண்டு. பில்டிங் ரெகுலேஷன்ஸை மீறிய வேலையைத் திருத்தவோ அகற்றவோ சொல்லும் நோட்டீஸுக்கும் முன்பு ஓராண்டே வரம்பு. 2023 அக்டோபரில் அது 10 ஆண்டாக உயர்ந்தது.

1985 நவம்பர் 11க்குப் பின் செய்த வேலையானால் கவுன்சிலிடம் 'ரெகுலரைசேஷன்' சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சோதனைக்காகச் சில இடங்களில் பிளாஸ்டரை உடைத்துக் காட்ட வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் சான்றிதழ் இல்லாத அறையைப் படுக்கையறை என்று சொல்லி விற்பது கடினம். அதைவிட, பாதுகாப்பற்ற அறையில் பிள்ளைகளை உறங்க வைப்பது பெரிய தவறு.

யாரை, எந்த வரிசையில் பிடிப்பது?

முதலில் உயரமும் படிக்கான இடமும் இருக்கிறதா என்று அளவு எடுங்கள். அடுத்து ஆர்க்கிடெக்ட், அல்லது லாஃப்ட் வேலையில் பழகிய வரைபடக்காரர். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்பவரின் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரைத் தொடர்ந்து எஞ்சினியரின் கணக்கு, கவுன்சில் சான்றிதழ், பில்டிங் கன்ட்ரோல் விண்ணப்பம், பக்கத்து வீட்டு நோட்டீஸ். அடமானக் கடன் கொடுத்தவருக்கும் வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் வேலைக்கு முன்பே எழுதுங்கள். இத்தனைக்கும் பிறகுதான் பில்டரிடம் விலை கேட்க வேண்டும். ஒரே வரைபடத்தைக் கொடுத்து மூவரிடம் கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும். சொன்ன விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் ஆள், தெரிந்தவர் என்பதற்காக எழுத்தில்லாமல் வேலை கொடுக்காதீர்கள். தெரிந்தவர் என்றால் எழுதிக்கொள்வது இன்னும் அவசியம்; உறவு கெடாமல் காப்பது அந்தத் தாள்தான். பணத்தை ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். பீம் போட்டதும், வெப்பக்காப்பு வைத்ததும், பிளாஸ்டர் மூடுவதற்கு முன் பில்டிங் கன்ட்ரோல் பார்த்தாரா என்று நீங்களே உறுதிசெய்யுங்கள். கடைசித் தவணையை, 'கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட்' கைக்கு வந்த பிறகே கொடுங்கள். அந்தச் சான்றிதழ் வரும்வரை யாரையும் அங்கே உறங்க விடாதீர்கள்.